ஆயாம்மா டீச்சர் ஆகலாமா?

கேள்வி: அங்கன்வாடியில் பல வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தரும் ஆயாம்மா, டீச்சர் ஆக வழியுண்டா?
– வாசகி, தக்கலை

பதில்: உண்டு, ஏற்றம்தான் கொஞ்சம் செங்குத்து.

உதவியாள் வாத்தியாராவது புதிதல்ல. திண்ணைப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளின் விரலைப் பிடித்து மணலில் ‘அ’ எழுத வைத்தவன் சட்டாம்பிள்ளை என்ற மூத்த மாணவன். 1789-இல் எழும்பூர் அநாதைப் பள்ளிக்கு வந்த ஆண்ட்ரூ பெல், இந்த மணலெழுத்தைப் பார்த்து மூத்த பையன்களையே வாத்தியாராக்கினார். 1846-இல் பிரிட்டன் அத்தகைய உதவியாளர்களுக்குச் சம்பளமும் தந்து, தேறியவர்களைப் பயிற்சிக் கல்லூரிக்கும் அனுப்பியது. பாராட்ட வேண்டிய ஏற்பாடு!

நம்மூரில், கவிமணி பிறந்த தேரூரிலேயே ஆசிரியர் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. பிளஸ் டூவுக்குப் பின் இரண்டு வருஷப் பட்டயம், பிறகு ‘டெட்’ எனும் ஆசிரியர் தகுதித் தேர்வு. ஆனால் பகல் வகுப்புக்குப் போனால் வீட்டில் அடுப்பெரிவது எப்படி?

2017-இல் பயிற்சி பெறாத ஆசிரியர்கள் வேலையில் இருந்தபடியே பட்டயம் பெற, தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் மத்திய அரசு வழிசெய்தது. ஆயாம்மாவுக்கும் அப்படியொரு வகுப்பு வேண்டும், சம்பளம் குறையாமல்.