சோப்பு டப்பா டெஸ்டர்

செத்துப்போன கண்டன்சர் செத்த மாதிரி தெரிந்தால் பிரச்சினையே இல்லை. தலை உப்பும், மேலே போட்டிருக்கும் கீறல் பிளக்கும், அடியில் பிசுபிசுவென்று கசியும். பிடுங்கி எறிந்துவிட்டு வேறு போடலாம். ஜம்மென்று உட்கார்ந்துகொண்டு வேலை செய்யாததுதான் தொல்லை. மல்டிமீட்டரில் வைத்தால் 1000 மைக்ரோஃபாரட் என்று பளிச்சென்று காட்டும். செட் டாப் பாக்ஸில் வைத்தால் சிவப்பு விளக்கு மினுக்கியபடியே இருக்கும். பந்தியில் மூன்று தடவை சாதம் வாங்கிவிட்டு, கட்டிலை ஒரு கை பிடி என்றால் இடுப்பைப் பிடித்துக்கொள்ளும் மைத்துனர் ரகம்.

உள்ளே இருக்கும் திரவம் காய்ந்துபோவதுதான் காரணம். கொள்ளளவு பெரிதாகக் குறையாமலே, இ.எஸ்.ஆர். என்கிற உள்தடை ஏறிவிடும். அதை அளக்கத் தனி மீட்டர் உண்டு. பத்து ரூபாய் கண்டன்சரைச் சோதிக்க ஆயிரக்கணக்கில் செலவா? வீட்டிலேயே செய்ய உட்கார்ந்தேன்.

555 ஐ.சி. ஒன்றை வினாடிக்கு ஒரு லட்சம் தடவை துடிக்க வைத்தால், அந்த வேகத்தில் நல்ல கண்டன்சர் கிட்டத்தட்ட வெறும் கம்பி. மிச்சம் தெரிகிற தடையெல்லாம் அதன் வியாதி. எரிந்துபோன சி.எஃப்.எல். பல்பின் அடிப்பகுதியைப் பிளந்து ஃபெரைட் வளையம் எடுத்தேன். அதில் தலைமுடி கனத்தில் செப்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, "என்னங்க, ராத்திரி சாப்பாட்டுக்கு எத்தனை பேர் வர்றாங்க?" என்றாள் மனைவி.

"அறுபத்தி மூணு" என்றேன்.

அடுப்படியில் எதுவோ விழுந்து உருண்டது. எண்ணிக்கை மட்டும் தப்பவில்லை.

ஊசிக்குப் பழைய டேப் ரிக்கார்டரின் வி.யூ. மீட்டர். 1, 2.2, 4.7, 10 ஓம் ரெசிஸ்டர்களை ஒவ்வொன்றாக வைத்து, ஊசி நின்ற இடத்தில் பேனாவால் கோடு கிழித்தேன். எல்லாவற்றையும் குளியலறைச் சோப்பு டப்பாவுக்குள் அடைத்தாயிற்று. முனையில் 0.2 வோல்ட்டுக்கும் குறைவு என்பதால் போர்டிலுள்ள டிரான்சிஸ்டர்கள் விழித்துக்கொள்ளாது. கண்டன்சரைக் கழற்றாமலே பார்க்கலாம். ஆனால் பிளக்கைப் பிடுங்கி, சார்ஜை இறக்கிய பிறகுதான். பவர் சப்ளையின் பெரிய கண்டன்சரில் 325 வோல்ட் வரை பதுங்கியிருக்கும். அது ஆள் பார்க்காது.

செட் டாப் பாக்ஸ் ஆசாமி 10 ஓமையும் தாண்டினார். மாற்றியதும் படம் வந்தது. அன்றிலிருந்து நன்றாகப் பாடும் ரேடியோவைக்கூட என் கண்ணில் படாமல் ஒளித்து வைக்கிறார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் நம்பி, சீலிங் ஃபேன் கண்டன்சரோடு வந்தார். இது பிளாஸ்டிக் ஃபிலிம் வகை, உள்ளே காய்வதற்குத் திரவமே கிடையாது, கொள்ளளவு இறங்கியிருக்கும், அதற்கு மல்டிமீட்டரே போதும் என்று விளக்கினேன்.

"அப்ப இந்த டப்பா எதுக்கு சார்?"

"சோப்பு வைக்கத்தான் வாங்கினோம்" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.