நடைபாதையா, வடிகாலா?

கேள்வி: சென்னை பாண்டி பஜார் நடைபாதை வளாகத்துக்குக் கொட்டிய கோடிகளில் மழைநீர் வடிகால் கட்டியிருக்கலாமே? (வாசகர், மேற்கு மாம்பலம்)

பதில்: இரண்டுமே வேண்டும். வரியும் நம்முடையது, காலும் நம்முடையது! 2019 நவம்பரில் அந்த வளாகம் திறந்த பிறகு, பேரன் கையைப் பிடித்த பாட்டி ஆட்டோவுக்கு ஒதுங்காமல் கடை கடையாக ஏறி இறங்க முடிகிறது. ஆனால், முழங்கால் தண்ணீரில் நிற்பவருக்கு அழகான பெஞ்ச் ஆறுதல் தராது. எது முதலில் என்பதைக் குடியிருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989 முதல் மக்களே கூட்டம் போட்டு முடிவெடுத்தார்கள். குடிநீரும் சாக்கடையும் முன்வரிசைக்கு வந்தன. தமிழக நகரங்களிலும் 2022 முதல், பகுதி மக்கள் கூடித் தேவைகளைச் சொல்லும் ஏரியா சபை நடக்கிறது. அடுத்த கூட்டத்துக்குத் தெருவோடு திரண்டு போங்கள். காலி நாற்காலி வடிகால் கேட்காது!