ரிமோட்டை அவரிடம் கொடுக்காதீர்கள்

நாம் வாய்விட்டுச் சிரிக்கத் தொடங்கும் நொடியில் படத்தை நிறுத்துவார், எனக்குத் தெரிந்த ஒரு சினிமா ரசிகர். "இப்ப எதுக்குச் சிரிச்சீங்க, சொல்லுங்க?" கணக்கு வாத்தியார் குரல். பாதிச் சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிடும். "நடிகரைப் பார்த்துச் சிரிச்சதா நினைக்கிறீங்க சார். இல்லவே இல்லை. உங்களைச் சிரிக்க வெச்சது டைரக்டர்!"

'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' (1928) படத்தில் பஸ்டர் கீட்டன் மீது ஒரு வீட்டின் முன்சுவர் அப்படியே சரியும். திறந்த ஜன்னல் இருக்கும் இடத்தில் அவர் நிற்பதால் பிழைப்பார். அந்தச் சுவர் இவர் வீட்டு டிவியில் இதுவரை தரையைத் தொட்டதில்லை. அந்தரத்தில் தொங்கும். கீழே கீட்டன் முகத்தில் ஈ ஆடாமல் நிற்க, காமிராவைக் கிட்டே வைக்காமல் முழு வீடும் தெரியும்படி ஏன் தள்ளி வைத்தார்கள் என்று பாடம் நடக்கும். காபி ஆறிவிடும். பாடத்தில் தப்பே இருக்காது, அதுதான் வயிற்றெரிச்சல்.

ஜிம் கேரி பெயரை மட்டும் எடுத்துவிடாதீர்கள். "அது முகமா, ரப்பரா?" 'ஏர்பிளேன்!' (1980) படத்தில் அதுவரை சீரியஸ் வேஷம் கட்டிவந்த லெஸ்லி நீல்சன் கொஞ்சமும் சிரிக்காமல் பேசியதுதான் இவருக்கு நடிப்பு.

உச்சக்கட்டம் 'சம் லைக் இட் ஹாட்' (1959). பெண் வேஷத்தில் இருக்கும் ஜாக் லெம்மன், தனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்ட பூரிப்பில் கிலுகிலுப்பை போன்ற மராக்காவை ஆட்டி ஆட்டிப் பேசுவார். தியேட்டர் சிரிப்பில் அடுத்த வசனம் அமுங்கிவிடக் கூடாதென்று, இடையிடையே ஆட்டுவதற்காகவே அதைக் கொடுத்தவர் டைரக்டர் பில்லி வைல்டர். சிரிப்பதற்கென்றே ஒருவர் ஒதுக்கிவைத்த இடம்! அந்த இடத்தில்தான் இவர் இத்தனையையும் விளக்குவார். சிரிப்பும் போய், வசனமும் போய், கிலுகிலு சத்தம்தான் மிச்சம்.

ஒருநாள் அவர் மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "மராக்காவை யார் வேணா கொடுக்கலாம். ஆட்டுறதுக்கு லெம்மன் வேணுமில்ல? இல்லாட்டி எதுக்கு அந்த மனுஷன் ஏழு படத்துக்கு அவரையே கூப்பிட்டாராம்?"

நியாயமான கேள்வி. சார் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "அவரைத் தேர்ந்தெடுத்ததும் டைரக்டர்தானே!" என்றார்.

இவரால்தான் நான் கீட்டனையே பார்த்தேன், அந்த நன்றி உண்டு. ஆனால் வைல்டர் படத்தின் கடைசி வசனம் உலகப் பிரசித்தம் என்கிறார்கள். வேறு நல்ல வசனம் கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று தற்காலிகமாக எழுதி வைத்ததாம் அது. இந்தத் தகவலை ஒவ்வொரு தடவையும் அந்த வசனம் வரும்போதுதான் சொல்கிறார். வசனத்தை நான் இன்னும் கேட்டபாடில்லை.