மூத்த பாடகரும் முன்வரிசை நாற்காலியும்: கள்ளக்குறிச்சியிலிருந்து ஓர் ஆய்வு

பாடுகிறவருக்கு வயது ஏற ஏற, கேட்கிறவர் வாங்கும் டிக்கெட்டின் விலையும் சேர்ந்து ஏறுகிறதே, ஏன்? இந்தக் கேள்வியை இதுவரை எவரும் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அந்தக் குறையைப் போக்கவே இந்தக் கட்டுரை. பட்டம் தேவையில்லை, பஸ் செலவைக் கொடுத்தால் போதும்.

ஆய்வுக் களமாகக் கள்ளக்குறிச்சியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. எந்த உலக நட்சத்திரத்தின் சுற்றுப்பயண வரைபடத்திலும் இந்த ஊர் இல்லை. ரோலிங் ஸ்டோன்ஸ் குழு 2003 ஏப்ரலில் இந்தியாவுக்கு வந்தபோது பெங்களூருவில் பாடிவிட்டு மும்பைக்குப் போய்விட்டது. சேலம் வழியாக ஒரு எட்டு வந்துவிட்டுப் போயிருக்கலாம், வரவில்லை. ஆகவே இங்கிருந்து பார்ப்பவருக்கு எந்தக் குழுவிடமும் பாரபட்சம் கிடையாது. இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. இளையராஜாவின் முதல் படமான ‘அன்னக்கிளி’ வெளியானது 1976-ல். இந்த மாவட்டத்துக் கல்வராயன் மலையில் ஜாகீர்தார்களின் ஆட்சி முடிந்து, மலை முழுதாக அரசின் கைக்கு வந்ததும் அதே 1976-ல்தான். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் ஆய்வுக் கட்டுரை என்றால் இப்படி ஒன்று இருக்க வேண்டும் என்பது மரபு.

வரலாற்றுப் பின்னணியைப் பார்ப்போம். இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கும் திருக்கோவிலூரை ஆண்டவன் மலையமான் திருமுடிக்காரி. பாட வந்தவர்களுக்கு அவன் தேர்களை வாரிக் கொடுத்ததைக் கபிலர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். கவனிக்க வேண்டியது, கொடுத்தவன் அரசன், வாங்கியவர் புலவர். பக்கத்தில் நின்று கேட்ட ஊர்க்காரர்களிடம் யாரும் காசு வசூலித்ததாகப் பாட்டில் இல்லை; வசூலித்திருந்தால் கபிலர் அதையும் பாடியிருப்பார். இந்த ஏற்பாடு எப்போது தலைகீழானது என்பதுதான் நமது பிரச்சினை.

முதலில் ஒரு சமன்பாட்டை முயன்று பார்த்தோம். பாடகரின் வயதைக் கேட்பவரின் மலரும் நினைவுகளால் பெருக்கி, அன்று மேடையில் பாடப்படும் புதுப் பாட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் டிக்கெட் விலை வந்துவிடும். மேலைநாட்டுத் தரவுகளுக்கு இது கச்சிதமாகப் பொருந்தியது. ரோலிங் ஸ்டோன்ஸின் மிக் ஜாகர் பிறந்தது 1943-ல், கீத் ரிச்சர்ட்ஸும் அதே ஆண்டு. (நம் இளையராஜாவும் 1943 தான். அந்த ஆண்டின் விளைச்சலைப் பற்றித் தனியே ஆராய வேண்டும்.) ரோலிங் ஸ்டோன்ஸ் தங்கள் சொந்தப் புதுப் பாட்டுகளோடு ‘ஹாக்னி டைமண்ட்ஸ்’ ஆல்பத்தை 2023-ல் வெளியிட்டார்கள், அதற்கு முந்தையது 2005-ல். பதினெட்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் புதுப் பாட்டு என்றால் வகுக்கும் எண் சிறுத்து விலை தானாக ஏறும். அதன்பின் 2024-ல் அவர்கள் அமெரிக்காவில் சுற்றுப்பயணம் போனபோது புரவலராக வந்தது ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கான ஒரு சங்கம். எண்பதைத் தொட்டவர்கள் மேடையில் துள்ள, மூட்டுவலிக்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்து கைதட்ட, ஓய்வூதியர் சங்கம் செலவைப் பார்த்துக்கொள்கிறது. ஒயாசிஸ் குழு 2025-ல் மீண்டும் மேடை ஏறியது புது ஆல்பம் எதுவும் இல்லாமல். பூஜ்யத்தால் வகுத்தால் என்ன வரும் என்று எட்டாம் வகுப்புக் கணக்கு வாத்தியார் சொல்லியிருப்பார்.

அடுத்தது கூட்டு முயற்சிகள். மூத்தவர்கள் தனியாகப் பாடுவதைவிடச் சேர்ந்து பாடினால் மவுசு அதிகம். சண்டை போட்டுப் பிரிந்து பிறகு சேர்ந்தால் இன்னும் அதிகம். இதை ‘பிணக்கு வட்டி விதி’ என்று அழைக்கலாம். ஒயாசிஸின் காலகர் சகோதரர்கள் 2009-ல் பிரிந்து 2024-ல் சேர்வதாக அறிவித்தார்கள். பதினைந்து வருஷ வட்டி. இளையராஜாவுக்கும் எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கும் 2017-ல் வக்கீல் நோட்டீஸ் வரை போன மனஸ்தாபம் 2019 ஜூன் 2 அன்று சென்னைக்கு வெளியே ஒரே மேடையில் தீர்ந்தது, ஜேசுதாசும் வந்திருந்தார். இரண்டு வருஷ வட்டிதான், ஆனால் அசல் பெரிது.

இந்த விதிக்கு முரண்படும் சான்று ஒன்றும் உண்டு, அதை மறைப்பது நேர்மை ஆகாது. எம்.எஸ். விஸ்வநாதனும் டி.கே. ராமமூர்த்தியும் 1965-ல் பிரிந்து, முப்பது வருஷம் கழித்து 1995-ல் ‘எங்கிருந்தோ வந்தான்’ படத்துக்காகச் சேர்ந்தார்கள். முப்பது வருஷ வட்டிக்கு டிக்கெட் விலை எங்கோ போயிருக்க வேண்டும். ஆனால் சினிமா என்பதால் தியேட்டரில் வழக்கமான விலைதான். ரசிகனுக்கு இப்படி ஒரு லாபம் அதன்பிறகு கிடைத்ததே இல்லை என்பது என் கருத்து. இன்னொன்றையும் இங்கே சேர்க்க வேண்டும். 2011-ல் ‘ஒஸ்தி’ படத்தில் ‘கலாசலா’ பாட்டைப் பாடியபோது எல்.ஆர். ஈஸ்வரிக்கு எழுபது வயது தாண்டியிருந்தது. கூடப் பாடியவர் டி. ராஜேந்தர். இப்படி ஒரு கூட்டணியை லண்டனில் யோசிக்கவே முடியாது. ஆடி மாசம் சங்கராபுரம் பக்கம் எந்த மாரியம்மன் கோயிலுக்குப் போனாலும் கூம்பு ஒலிபெருக்கியில் அந்த அம்மாவின் குரல் விடியற்காலம் தொடங்கி இலவசமாக வருகிறது. வேண்டாம் என்றாலும் வருகிறது.

இங்கேதான் சமன்பாடு உடைந்தது. உடைத்தது தெருக்கூத்து.

திரௌபதி அம்மன் கோயில் பாரத விழா நடக்கும் ஊர்களில் இரவு பத்து மணிக்குமேல் கூத்து தொடங்கி விடியவிடிய நடக்கும். ஜமா எனப்படும் கூத்துக் குழுவின் வாத்தியாருக்கு அறுபது தாண்டியிருக்கும். பாஞ்சாலி வேஷம் அவருக்குத்தான், வேறு யாருக்கும் கொடுக்க மாட்டார். கதை பாரதம், அதில் புதுப் பாட்டு என்று ஒன்றும் கிடையாது. பெரிய திருவிழா என்றால் வேறு ஜமாவிலிருந்து பேர்போன துரியோதனன் ஒருவரை வரவழைப்பார்கள். இரண்டு வாத்தியார்களுக்கும் பழைய பகை இருந்தால் கூட்டம் கூடும். ஆக வயது, நினைவு, பூஜ்யம் புதுப்பாட்டு, பிணக்கு எல்லாம் சரியாக இருக்கிறது. என் சமன்பாட்டின்படி உலகத்திலேயே விலை உயர்ந்த டிக்கெட் இதற்குத்தான் இருக்க வேண்டும். ஆனால் டிக்கெட்டே இல்லை. பாயைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு வந்தால் முன்வரிசை.

அங்கே காசு வேறு திசையில் ஓடுகிறது. துச்சாதனன் துகிலை இழுக்க, பாஞ்சாலி கண்ணனைக் கூவி அழுகிறாள், முகவீணை அழுகிறது, பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார்கள். அப்போது ஒரு பெரியவர் எழுந்து வருகிறார். ஐம்பது ரூபாய் நோட்டு ஒன்றைப் பாஞ்சாலியின் சேலையில் ஊக்கு போட்டுக் குத்துகிறார். உடனே கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் மைக்கைப் பிடித்து, கூத்தை மெச்சி மேலத்தெரு இன்னார் குடும்பத்தார் அன்பளித்த தொகை ரூபாய் ஐம்பது, அவர் குலம் தழைக்க என்று ராகத்தோடு அறிவிக்கிறான். துச்சாதனன் அதுவரை சேலை நுனியைப் பிடித்தபடி பொறுமையாகக் காத்திருக்கிறான். அறிவிப்பு முடிந்ததும் அழுகை விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது.

ஆட்டத்தைப் பார்த்து, பிடித்தால் மட்டும் பணம். பணம் கொடுத்தவர் பேர் ஊருக்கே கேட்கும். 2025 ஜனவரியில் நவி மும்பையில் கோல்ட்பிளே குழு பாடியபோது டிக்கெட் 2,500 ரூபாயில் தொடங்கி 35,000 வரை போனது. முப்பத்தைந்தாயிரம் கொடுத்தவரின் பேரை ஒருவராவது மைக்கில் சொன்னார்களா?

ஆக, விலையைத் தீர்மானிப்பது வயதுமல்ல, நினைவுமல்ல. தகரம். எங்கே சுற்றித் தகரம் அடிக்க முடிகிறதோ அங்கே டிக்கெட் பிறக்கிறது. கோயில் வாசலுக்குத் தகரம் அடிக்க முடியாது, ஆகவே கூத்துக்கு டிக்கெட் இல்லை. இதற்கு அசைக்க முடியாத சான்று 2023 செப்டம்பர் 10 அன்று சென்னையை ஒட்டிய பனையூரில் நடந்த ஏ.ஆர். ரகுமானின் ‘மறக்குமா நெஞ்சம்’. ஆகஸ்டில் மழையால் தள்ளிப்போன கச்சேரி அது. அன்று இடம் கொள்ளாத கூட்டம். ஆயிரக்கணக்கில் கொடுத்து டிக்கெட் வாங்கியவர்கள் வாசலிலேயே நின்று திரும்பினார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை மணிக்கணக்கில் ஸ்தம்பித்தது. உள்ளே போக முடியாதவர்கள் டிக்கெட் நகலை அனுப்பும்படி ரகுமானே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. கோல்டு, பிளாட்டினம், டைமண்ட் என்று என்ன பேர் வைத்தாலும், தகரம் நிற்காவிட்டால் வைரமும் காகிதம்தான்.

தகரம் கம்ப்யூட்டருக்குள்ளும் வந்துவிட்டது. 2024 ஆகஸ்ட் 31 அன்று ஒயாசிஸ் டிக்கெட்டுக்கு இணையத்தில் மணிக்கணக்காக வரிசையில் நின்றவர்கள், உள்ளே போனபோது சுமார் 150 பவுண்டு டிக்கெட் 355 பவுண்டாகியிருப்பதைப் பார்த்தார்கள். பிரிட்டனே கொதித்துப்போனது, போட்டி ஆணையம் விசாரணையில் இறங்கியது. பொங்கலுக்கு முந்தின ராத்திரி சென்னையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு ஆம்னி பஸ்ஸில் டிக்கெட் தேடியவர் எவரும் இதற்கு ஆச்சரியப்பட மாட்டார். கோல்ட்பிளே டிக்கெட்டுக்கு அதே ஆண்டு செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை 1.3 கோடிப் பேர் முயன்றதாக விற்ற நிறுவனமே சொன்னது. சிக்னலுக்குப் பாறைமேல் ஏறி நிற்க வேண்டிய மலைக்கிராமத்துக்காரர் அந்த வரிசையில் எத்தனையாவது ஆளாக இருந்திருப்பார்?

கல்வராயன் மலைமேல் இருக்கும் வெள்ளிமலையிலிருந்து ஒருவர் சென்னைக் கச்சேரிக்குப் போவதென்றால் மலை இறங்கிக் கச்சிராயபாளையம், அங்கிருந்து கள்ளக்குறிச்சி, பிறகு உளுந்தூர்பேட்டை வழியாகச் சென்னையின் கிளாம்பாக்கம் பஸ் நிலையம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. சென்னை பஸ் டவுன் பஸ் அல்ல. கிளாம்பாக்கத்தில் இறங்கிய பிறகு கடற்கரைச் சாலைக்கு ஆட்டோக்காரர் கேட்பதைக் கொடுக்க வேண்டும். இதெல்லாம் டிக்கெட்டில் அச்சாவதில்லை.

ஆய்வின் பரிந்துரைகள் சுருக்கமானவை. டைமண்ட் டிக்கெட் வாங்குகிறவர்களின் பேரை, ஊர் பேரோடும் குலம் தழைக்கும் வாழ்த்தோடும், பாட்டின் நடுவே மைக்கில் அறிவிக்க வேண்டும். அதற்கென ஒரு கட்டியக்காரனைச் சம்பளத்துக்கு வைக்கலாம். எண்பத்தோரு வயதில் லண்டனில் 2025 மார்ச் 8 அன்று முழுச் சிம்பொனியை அரங்கேற்றினார் இளையராஜா. புதுப் பாட்டு போட்டால் விலை இறங்கும் என்ற என் சமன்பாட்டுக்கு அவர் கட்டுப்பட மாட்டார் என்பதால் அவருக்குப் பரிந்துரை ஏதும் இல்லை. கோடை விழா நடத்தும் மாவட்ட நிர்வாகத்துக்கு மட்டும் ஒரு விண்ணப்பம். மூத்த பாடகர் ஒருவரைக் கல்வராயன் மலைக்கு அழைத்து வாருங்கள். டிக்கெட் வைத்தே தீருவது என்றால் ஐந்நூறு ரூபாய்க்குள் வையுங்கள், அதுவரை ஜி.எஸ்.டி. கிடையாது. தகரம் அடிக்க வேண்டாம். கச்சேரி முடிகிறவரை கச்சிராயபாளையத்துக்குப் போகும் கடைசி பஸ்ஸை நிறுத்தி வையுங்கள், புண்ணியமாகப் போகும்.