ஏழு பேரும் ஒரு ரப்பர் சாப்பும்

மலேசியாவில், லூபோக் சீனா மாதிரி ஊரானாலும், சங்கம் தொடங்க ஏழு பேர் போதும். 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின் கணக்கு அது. நம்மவர்களுக்கு இது ஒரு காரியமா? தலைவர் ரெடி. பொருளாளர் அவர் மனைவி. செயலாளர் மச்சான். பதவி தராவிட்டால் போட்டிச் சங்கம் தொடங்குவேன் என்றவர் துணைத் தலைவர். மிச்ச மூன்று பேர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார்கள். பதிவு எண் கைக்கு வந்ததும் முதல் செலவு ரப்பர் சாப்பு. இரண்டாவது செலவு, தலைவர் கைகூப்பி நிற்கும் பதாகை. மூன்றாவது செலவை நீங்கள் கேட்கக் கூடாது.

"நாங்கள் பதிவு பெற்ற இயக்கம்!" என்று மேடையில் முழக்கம். நகராண்மைக் கழகத்தில் பணம் கட்டி நாய்க்குக்கூட லைசென்ஸ் எடுக்கிறோம். அதனால் அது கடிக்காது என்று யாரும் எழுதித் தரவில்லை.

பதிவுக்குப் பிறகுதான் வேலையே. ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்த 60 நாளுக்குள் கணக்கறிக்கையும் நிர்வாகிகள் பட்டியலும் பதிவிலாகாவுக்குப் போய்ச் சேர வேண்டும். தலைவர் கெட்டிக்காரர், கூட்டமே போடுவதில்லை. கூட்டம் இல்லையென்றால் 60 நாளும் இல்லையே! ஆனால் சட்டம் எழுதியவன் இவரைப் போன்றவர்களை முன்பே பார்த்திருக்கிறான். கூட்டம் நடக்காவிட்டால் ஆண்டு முடிந்த 60 நாளுக்குள் அனுப்பு என்கிறது அதே பிரிவு. அனுப்பாமலே இருந்தால் பதிவு ரத்தாகலாம். ரத்தானாலும் என்ன, சாப்பு வீட்டில்தானே இருக்கிறது. அடுத்த தீபாவளி வசூலுக்கு அதே சாப்பு, அதே ரசீதுப் புத்தகம்.

அந்த ரசீதைக் கிழித்துத் தரும்போது "வரி விலக்கு உண்டுங்க" என்று ஒரு வார்த்தை. யார் சொன்னது? சங்கப் பதிவு ஒரு இலாகா, வரி வேறொரு இலாகா. 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் உள்நாட்டு வருமான வரி வாரியத்திடம் தனியாக விண்ணப்பித்து அங்கீகாரம் வாங்கிய அமைப்புக்குக் கொடுத்தால்தான் கொடுத்தவருக்குக் கழிவு. அதுவும் அவருடைய மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரைதான். விண்ணப்பித்தால் கணக்கைத் திறந்து காட்ட வேண்டுமே! சொல்லிவிட்டுப் போவது சுலபம்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தில் செம்பனைக் குலை வெட்டும் ஆளுக்கு வருமான வரியே கிடையாது. அவர் தரும் பத்து வெள்ளிக்கு விலக்கு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? உண்மையான விலக்கு ரசீதால் லாபம் குத்தகைக்கார டத்தோவுக்குத்தான். மாலையும் பொன்னாடையும் அவருக்கே. பத்து வெள்ளிக்காரர் நாற்காலி அடுக்குவார்.

சங்கம்தான் இப்படி, கம்பெனி என்றால் கணக்கு வரும் என்று நம்பியவர்களும் நாம்தான். 1982இல் ம.இ.கா. கட்சியின் முதலீட்டு நிறுவனமாக மைக்கா ஹோல்டிங்ஸ் வந்தது. தாலியை அடகு வைத்துப் பங்கு வாங்கிய குடும்பங்கள் உண்டு. சுமார் 66,000 பேர், 10 கோடி வெள்ளிக்கு மேல். 1990இல் ஒதுக்கப்பட்ட ஒரு கோடி டெலிகாம் பங்கில் மைக்காவின் கைக்கு வந்தது பத்து லட்சம். மிச்சத்தைப் பற்றிக் கேட்டுக் கேட்டே ஒரு தலைமுறை கிழமாகிவிட்டது. அரசாங்க மானியமாவது ஒழுங்காகப் போகட்டும் என்றால், அதற்கு மித்ரா என்ற அரசாங்கப் பிரிவு. ஆண்டுக்கு 10 கோடி வெள்ளி ஏழை இந்தியர்களுக்காக. 2022இல் ஊழல் தடுப்பு ஆணையம் மானியம் வாங்கியவர்களை வரிசையாகப் பிடித்து விசாரிக்க வேண்டி வந்தது.

ம.இ.கா. தலைவராக இருந்த சம்பந்தன் காலத்தில் சட்டம் இல்லையா, பாரம் இல்லையா? 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, பால் வெட்டியவர்களின் கூலிக்காசைச் சேர்த்து, துண்டு போட்டு விற்கப்பட்ட தோட்டங்களை வாங்கினார்கள். தோட்டம் கண்ணுக்குத் தெரிந்தது. இன்றைக்கு நம் கண்ணுக்குத் தெரிவது மேடையில் ஆளுயர மாதிரிக் காசோலை ஒன்றுதான்.

சங்கப் பதிவிலாகா அதிகாரிகளும் சாதாரணப்பட்டவர்கள் இல்லை. நாலு பேர் சேர்ந்து மாரியம்மன் கோயிலுக்குத் தினமும் விளக்கேற்றும் கமிட்டிக்கு மலாய்ப் பாரமும் கணினியும் எமன். தேதி தவறினால் நோட்டீஸ் வந்துவிடும். பாரம் நிரப்பத் தெரிந்த திருடனுக்கு எந்த நோட்டீஸும் வராது. அவன் கோப்பு கண்ணாடி மாதிரி இருக்கும். ம.இ.கா.வுக்கே 2013ஆம் ஆண்டுத் தேர்தல் முடிவுகள் செல்லாது என்று மறு ஆண்டு டிசம்பரில் இதே இலாகா சொன்னது. 2015இல் கட்சித் தலைவரின் பதவியே பறிபோனது. அவ்வளவு பல்லுள்ள இலாகாவுக்குத் தோட்டத்து ரசீதுப் புத்தகத்தைக் கடிக்க மட்டும் பல் வலிக்கிறது.

சரி, நாமாவது கேட்போம். அடுத்த முறை பொதுக்கூட்டம் என்ற பெயரில் கோழிப் பிரியாணி போடும்போது ஒருவர் எழுந்து, "அண்ணே, போன வருஷக் கணக்கறிக்கை எங்கே? 44(6) கடிதம் இருந்தால் காட்டுங்க" என்று கேட்டுப் பாருங்கள். தலைவர் மைக்கை வாங்கிச் சிரித்துக்கொண்டே சொல்வார்: "தம்பி, நீங்க எந்தக் குரூப்பு?"

அந்தப் பதிலுக்கு மட்டும் அவருக்கு 60 நாள் தேவைப்படாது.