திருகாணி இறுக்கமாக இருக்கட்டும்

கையில் எவ்வளவு பணம் புரள்கிறது என்று ஊருக்குச் சொல்லத்தான் நகை என்றால், நெய்வேலி டவுன்ஷிப்பில் நகைக்கு வேலையே கிடையாது. எந்த வட்டம், என்ன டைப் குவார்ட்டர்ஸ் என்று சொன்னால் போதும். வீட்டுக்காரர் நிலக்கரிக் கம்பெனி மைன்ஸில் என்ன கிரேடு, அடுத்த பிரமோஷன் எப்போது, பிடித்தம் போக எவ்வளவு வரும் என்பதுவரை பக்கத்து வீட்டு அக்கா மனக்கணக்காகவே சொல்லிவிடுவார். வீடு கட்டிக் காட்டவும் வழியில்லை. வீடு கம்பெனியுடையது, சுவரில் அடித்த வண்ணமும் கம்பெனியுடையது. இப்படிப்பட்ட ஊரில் ஒருத்தி ஏழு கல் வைரத்தோடு போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனால் யாரும் மயங்கிவிட மாட்டார்கள். "அரியர்ஸ் வந்துடுச்சு போல" என்பார்கள், அவ்வளவுதான்.

வெளியூர் உறவினர்களுக்கு எங்களிடம் சொல்ல ஒரு நகைச்சுவை உண்டு. "உங்க ஊர்க் கரியைத் தோண்டாம விட்டிருந்தா வைரமாயிருக்கும்!" ஆகியிருக்காது. இரண்டும் கார்பன்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெரும்பாலான வைரங்கள் பூமிக்குள் 150 கிலோமீட்டருக்கும் கீழே, நிலத்தில் மரம் செடி முளைப்பதற்கு வெகுகாலம் முன்பே உருவானவை. எங்கள் பழுப்பு நிலக்கரியோ மரமாக நின்று மக்கியது. பொறுமையாக இருந்தால் தம்பி அண்ணனாகிவிடுவான் என்பது போன்ற பேச்சு இது. 1956-இல் கம்பெனி தொடங்கியது. இன்றுவரை தோண்டியதில் கரிதான் வருகிறது.

எங்கள் வட்டத்து மாமி ஒருவருக்கு வைரம் என்றால் புளூ ஜாகர்தான். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டெயின் சுரங்கத்து வைரத்துக்கு வந்த பெயர் அது. அந்தச் சுரங்கத்தில் 1893-இல் 995 காரட் எடையில் ஒரே கல் கிடைத்தது. மாமி காதில் இருப்பது அந்தச் சுரங்கத்துக் கல்தானா என்று கேட்கும் துணிச்சல் எங்கள் வட்டத்தில் யாருக்கும் இல்லை. மதுரை ரத்தினக் கடைவீதியை வருணிக்கும்போது சிலப்பதிகாரம் வைரத்துக்கு நான்கு குற்றங்கள் சொல்கிறது. காக்கைக் கால் போன்ற குறியான காகபாதமும் அவற்றில் ஒன்று. மாமி ஐந்தாவதாக ஒன்று சேர்த்திருக்கிறார்: மாமியாருக்குத் தெரியாமல் வாங்கியது.

பட்டை தீட்டுவதில் இன்று ராஜா, வட்டவடிவ பிரில்லியன்ட். 57 பட்டைகள், அடிமுனையையும் தட்டையாக்கினால் 58. மேலே நுழைகிற ஒளி கீழே ஒழுகிவிடாமல் மேலேயே திரும்பி வர என்ன கோணம் வேண்டும் என்று 1919-இல் மார்செல் டோல்கோவ்ஸ்கி கணக்குப் போட்டுப் புத்தகமே எழுதினார். அருமையான கணக்கு. ஆனால் அதில் வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் இல்லை. எண்ணெய்ப் பசையை வைரம் சும்மா விடாது, இழுத்து ஒட்டிக்கொள்ளும். நல்லெண்ணெயும் சீயக்காயும் கல்லுக்கு அடியில் குடியேறியபின் எந்தக் கோணமும் எடுபடாது. லட்ச ரூபாய்க் கல் உப்புக்கல்லாகக் காட்சி தரும். இளஞ்சூடான சோப்புத் தண்ணீரும் பழைய மென்மையான டூத் பிரஷ்ஷும் போதும், டோல்கோவ்ஸ்கி திரும்பி வந்துவிடுவார்.

அன்றாடம் நான் போடுவது ஏ.டி. தோடு, அதாவது அமெரிக்கன் டைமண்ட். இது வைரமும் இல்லை, அமெரிக்காவும் இல்லை. கியூபிக் சிர்கோனியா எனும் இந்தக் கல்லைப் பெரிய அளவில் வளர்க்கும் வழியை 1970-களில் கண்டுபிடித்துக் கொடுத்தவர்கள் சோவியத் விஞ்ஞானிகள். திருச்சி வட்டாரத்தில் இதற்குப் பட்டை தீட்டுவது வீட்டுக்கு வீடு நடந்த தொழில். 1962-இல் ஓடத் தொடங்கிய எங்கள் முதல் அனல்மின் நிலையத்தையும் சோவியத் உதவியோடுதான் கட்டினார்கள். ஆக, சோவியத் கல்லைச் சோவியத் வெளிச்சத்தில் மின்னவிட்டு, அமெரிக்கா என்று சொல்லிக்கொண்டிருந்த பெருமை நெய்வேலிக்கு உண்டு.

ஏ.டி. வைரத்தைவிட அதிகமாக வானவில் காட்டும். அதனாலேயே மாட்டிக்கொள்ளும். வைரத்துக்கு அவ்வளவு அலட்டல் கிடையாது. ஒரு கல்யாணத்தில் மாமி என் காதைப் பிடித்துப் பார்த்தார்.

"வைரமாடி?"

"இல்ல மாமி, ஏ.டி."

"அதானே, சாப்பிடறப்போ நீ காதைத் தொடவே இல்லையே!"

தன்னம்பிக்கையைப் பற்றி இதைவிடக் கூர்மையாக யாரும் என்னிடம் பேசியதில்லை. அசல் வைரம் போட்டவர்களைப் பந்தியில் கவனியுங்கள். ரசத்துக்கு ஒருமுறை, மோருக்கு ஒருமுறை கை காதுக்குப் போகும். நிமிர்ந்து நடக்கத்தான் நகை என்று விளம்பரத்தில் சொல்கிறார்கள். இவர்களோ தொலைந்த திருகாணியைத் தேடிக் குனிந்தே நடக்கிறார்கள். ஸ்கூட்டர் ஓட்டும் பெண்களுக்குக் கூடுதல் சோதனை. ஹெல்மெட்டுக்குள் ஜிமிக்கி பாடுபடும், மாட்டல் முடியோடு சேர்த்து இழுக்கும். தட்டையான தோடு ஒன்றுதான் ஹெல்மெட்டோடு சமாதானமாகப் போகும்.

அதற்காக வைரம் வேண்டாம் என்று சொல்லவில்லை; அரியர்ஸ் வந்தால் நானும் வாங்குவேன். வாங்கப்போகும் உங்களுக்கு ஒரு வார்த்தை: கல்லைப் பார்க்கும் நேரத்தில் பாதியைத் திருகாணிக்குக் கொடுங்கள். மரை வழுக்கினால் கடையிலேயே மாற்றித் தரச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்தபின் நடுராத்திரியில் கட்டிலுக்கடியில் டார்ச் அடித்துத் தேடப்போவது கடைக்காரர் அல்ல, நீங்கள்தான்.