வேப்பமரத்தடி பெயிண்ட் பூத்

சிவகாசிக்காரருக்கு நெருப்பைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தது முதல் ஊருக்கே அதுதான் பள்ளிக்கூடம். பட்டாசு ஆலையில் மருந்து அறைக்குள் நுழையுமுன் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பின் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும். செல்போனுக்கு வாசலோடு சரி.

அதே ஊரின் டிங்கரிங் பட்டறையில் சட்டம் வேறு. பெயிண்ட் பூத் என்றால் ஒரு வேப்பமரம், பழைய ஃபிளெக்ஸ் பேனர், நாலு சவுக்குக் கம்பு. தின்னர் டப்பாவுக்குப் பக்கத்திலேயே பீடி புகையும். கிளியர் கோட் காய்வதற்குள் வேப்பம்பூ ஒன்று பானெட்டில் வந்து ஒட்டிக்கொள்ளும். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.

“பூத் ஒண்ணு போடலாமே அண்ணாச்சி?”

“எதுக்கு? நம்ம வெயிலே அடுப்புதானே!”

அடுப்புதான். ஆனால் பூத்தின் அடுப்பு 60 டிகிரியில் அசையாமல் நிற்கும், தூசியையும் வடிகட்டும். தின்னர் ஆவி காற்றைவிடக் கனம். ஆகவே மேலிருந்து காற்றை இறக்கித் தரைக்குழி வழியே உறிஞ்சும் டவுன்டிராஃப்ட் உத்தமம். குழி வெட்ட விடாத வாடகை இடமென்றால், காற்றைக் கிடைமட்டமாக இழுக்கும் கிராஸ்டிராஃப்ட். எதுவானாலும் விசிறி மோட்டாரும் விளக்கும் தீப்பொறி வெளிவராத வகையாக இருக்க வேண்டும். பியூ (பாலியூரித்தேன்) பெயிண்டின் ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரும். மூக்கில் கட்டும் கைக்குட்டை அதைத் தடுக்காது.

எல்லாவற்றையும் கேட்ட பட்டறை அண்ணாச்சி உடனே முதலீடு செய்தார்: புது பேனர். ‘புகை பிடிக்காதீர்’ என்று கொட்டை எழுத்தில், உள்ளூரிலேயே அச்சடித்தது.

அதன் நிழலில் பெயிண்டர் பீடி பற்றவைக்கிறார். தீப்பெட்டியும் உள்ளூர்தான்.